தொடர்பு என்ற சொல்

எங்கள் கரையோர ஊரான சல்லியில் யாருக்காவது ஒரு படிவம் நிரப்ப வேண்டுமென்றால் இராசமலரின் வீட்டுக்குத்தான் போவோம். அடையாள அட்டை, வள்ளத்துப் பதிவு, எதுவானாலும் சரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் போன்றவர்களுக்கு அவள் கை பெரிய உதவி.

அந்தக் கை எப்படிப் பழகியது என்பதும் ஊருக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலையில் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தவர்கள் அவளுடைய அண்ணனை வாசலில் வைத்துக் கேள்வி கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தேடி விசாரிக்கிறோம் என்று வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஒருமுறை ஒரு அதிகாரி அதை வாசித்துவிட்டு, ‘நம்பத்தகாத கதை’ என்று தாளின் ஓரத்தில் எழுதி ஒதுக்கிவிட்டார். அதற்குப் பிறகு யாரிடம் எதைக் கொடுத்தாலும் ஒப்பம் வாங்காமல் அவள் விடுவதில்லை.

போன வருசம் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் இருமல் காய்ச்சல் எப்படிப் பரவும் என்பதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லப் போகிறார்களாம். வீடு வீடாகப் போய்த் தாள் நிரப்ப ஆள் தேவை. புடைவைக்கடைப் பையொன்றைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு அவள் முதலில் வந்தது என் வீட்டுக்கு. கதிரையில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து வாசித்தாள்.

“நேற்று உங்களுக்கு யார் யாருடன் தொடர்பு இருந்தது? பெயர், வயது.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். தொடர்பு என்ற சொல்லைச் சொல்லி எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்பவர்கள் இரண்டு வகை. ஒன்று, புருசனில் சந்தேகப்பட்ட மனிசி. மற்றது, துவக்கோடு வந்து நிற்பவன். மனிசி கேட்டால் ஒரு நாள் சோறு கிடையாது, அவ்வளவுதான். மற்றவன் கேட்டால் ஆளே கிடையாது. இவளுடைய அண்ணனிடம் கேட்டதும் இதே சொல்தான். அந்த வீட்டுப் பிள்ளை இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“ஆர் கேக்கச் சொன்னது இதை?”

“கணக்குக்கு யோகண்ணை. ஒராள் ஒரு நாளில எத்தினை பேரோடை கிட்ட நிண்டு கதைக்கிறார் எண்டு தெரிஞ்சால், காய்ச்சல் எவ்வளவு கெதியாப் பரவும் எண்டு கொம்பியூட்டர் சொல்லுமாம்.”

“காய்ச்சலுக்கு என்ர கூட்டாளியின்ர பேர் எதுக்கு? எழுது, ஒருத்தரோடையும் தொடர்பு இல்லை.”

“உங்கட மனிசி குசினிக்கை நிக்கிறா.”

“அவவோடையும் இல்லை.”

“அது உண்மைதான் மலர், எழுது,” என்று குசினியிலிருந்து இலட்சுமி சொன்னாள்.

அவள் பூச்சியம் போட்டுக்கொண்டு போனாள். நான் சும்மா இருக்கவில்லை. கரைக்குப் போய், வலை இழுக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் இதையே சொல்லிவைத்தேன். அவள் போனது அறுபத்திரண்டு வீடு. அறுபத்திரண்டு தாளிலும் பூச்சியம்.

இரண்டு கிழமை கழித்து, வள்ளத்துப் பதிவை நிரப்ப நான் அவள் வீட்டில் இருந்தபோது, அவளுடைய மேற்பார்வையாளர் யுகேந்திரன் மடிக்கணினியோடு வந்தார்.

“அக்கா, பக்கத்தூர் நிலாவெளியில காய்ச்சல் ஒராளிட்டையிருந்து ரெண்டு பேருக்குப் போகுது. ரெண்டு நாலாகுது, நாலு எட்டாகுது. உங்கட தாளின்படி சல்லியில வந்த ஆளோடையே முடிஞ்சுபோகுது. இஞ்ச எல்லாரும் ஊமையோ?”

“அவையள் சொன்னதைத்தான் எழுதினனான்.”

“வீட்டை இருந்து நிரப்பியிருக்கிறீங்கள் எண்டு மேல கதைக்கினம். வெள்ளிக்கிழமைக்கிடையில திருப்பி எடுத்துத் தாங்கோ. இல்லாட்டி எல்லாம் பொய்த்தாள் எண்டு எழுதி ஒதுக்க வேண்டி வரும்.”

அவர் போனார். அவள் என் படிவத்தை நிரப்பி முடித்தாள். பிறகு சொன்னாள்: “வேலை போனால் போகட்டும் அண்ணை. நான் எழுதினது பொய் எண்டு ரெண்டாம் முறையும் ஒரு தாளில வரக்கூடாது.”

“அந்தச் சொல்லை வாசிக்கேக்கை உனக்கு ஒண்டும் தோணேல்லையா?”

“தோணினது. மாத்தச் சொல்லிக் கேட்டனான். அச்சடிச்சு முடிஞ்சுது எண்டுட்டினம்.”

பிழையில் பாதி என்னுடையது. அதற்காகப் பெயர் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“எண்ணிக்கை மட்டும் போதும்தானே. பேர் எதுக்கு?”

“ஒராளும் விடுபடாமல் உங்களுக்கு ஞாபகம் வரத்தான்.”

“அப்ப அது என்னட்டை இருக்கட்டும்.”

அவள் தாளைப் பார்த்தாள். பெயர் எழுதும் கட்டங்கள் இடது ஓரத்தில் ஒரே வரிசையாக இருந்தன. யுகேந்திரனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். பெயரைக் கணினியில் ஏற்றுவதில்லை என்றார். உடனே அலுமாரியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டாள்.

அடுத்த நாள் வலை கரையேறித் தேத்தண்ணி வந்த நேரம் அவளும் வந்தாள். தாளை வாசிக்கவில்லை.

“நேற்று ஆருக்குப் பக்கத்தில நிண்டு கயிறு இழுத்தனீங்கள்? ஆரோடை தேத்தண்ணி குடிச்சனீங்கள்?”

ஒருவனும் முகத்தைத் திருப்பவில்லை. “இந்தத் தவராசா என்ர பிடரியில மூண்டு தரம் இருமினவன், அதையும் எழுதுங்கோ அக்கா,” என்றான் கஜீபன். எழுதி முடிந்ததும் பெயர் இருந்த ஓரத்தை வெட்டி அவரவர் கையில் கொடுத்தாள். வயதும் எண்ணிக்கையும் பைக்குள் போயின. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னுடைய எண்ணிக்கை நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை யுகேந்திரன் அவளிடம், “முதல் பூச்சியம், இப்ப நாற்பத்தொண்டோ?” என்று கேட்டாராம். அவள் ஆளைக் கரைக்குக் கூட்டிவந்தாள். நான் அவர் கையில் கயிற்றைக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் தோளோடு தோள் இடிபட இழுத்து, உள்ளங்கை சிவந்து, மணலில் குந்தினார். தேத்தண்ணி கொடுத்தோம்.

“எத்தினை பேர் தம்பி?” என்று கேட்டேன்.

“முப்பத்தெட்டு. எண்ணிக்கொண்டுதான் இழுத்தனான்.”

“கோப்பை எத்தினை?”

சுற்றிப் பார்த்தார். “மூண்டு,” என்றார். பிறகு தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார்.

“சரியக்கா, நம்புறன்.”

“வாயால சொன்னது மட்டும் காணாது தம்பி. நேரில பார்த்தனான், பொய்யில்லை எண்டு எழுதி ஒப்பம் வையுங்கோ.”

அவர் முழங்காலில் தாளை வைத்து எழுதினார். அவள் இரண்டு தரம் வாசித்தாள். திகதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்து அதையும் போடுவித்தாள். அண்ணனுடைய தாள்கள் இருக்கிற அலுமாரியில்தான் இப்போது அது இருக்கிறது.

அன்று அவர்கள் போன பிறகு நான் சொன்ன பெயர்கள் இருந்த துண்டை இடுப்புச் சாரத்து மடிப்பிலிருந்து எடுத்துத் தேத்தண்ணி அடுப்பில் போட்டேன். அது எரிந்து முடியுமட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.