முன்சக்கர நடுக்கம்

ரிமோட்டில் ஓடும் பழைய மணல் வண்டிகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முழங்கை நீளம்தான், ஆனால் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர், பின்னால் கியர் பெட்டி, கழற்றிப் போட்டால் ஒரு பாய் நிறையும் அளவுக்குச் சாமான். மணல், சரளை, உழுத நிலம், எதுவானாலும் எகிறிக்கொண்டு போகும். இளவயதில் நான் ஒரு வெளிநாட்டு இஞ்சினியருக்குக் கார் ஓட்டினேன். அவர் ஊர் திரும்பும்போது, தான் பள்ளிக்கூட வயதில் ஓட்டியது என்று சொல்லி, உடைந்த வண்டி ஒன்றை அட்டைப்பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஓடவைக்க இரண்டு வருடம் ஆனது. அதற்கப்புறம் அந்தப் பைத்தியம் என்னை விடவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு நான் கம்பெனி பஸ் டிரைவர். அச்சரப்பாக்கத்தில் காலை ஆறு மணிக்கு எடுத்து, மதுராந்தகம், படாளம், செங்கல்பட்டு என்று நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு தொழிற்சாலையில் இறக்கிவிடுவேன். நாற்பது பேர், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு. வண்டியில் அது சரியில்லை, இது சரியில்லை என்று சொல்லும் புது டிரைவர்களிடம், ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். பஸ்ஸில் ஏறிய ஆள் பத்து நிமிஷத்தில் தூங்கினால் அதுதான் டிரைவருக்குச் சர்டிபிகேட் என்பது என் கட்சி.

அந்தச் சர்டிபிகேட்டைத் தினமும் கொடுத்தவள் என் நண்பனின் மகள். அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான் அவன். என் வண்டிகளின் மோட்டார் எரிந்தால் தலைமயிர் மாதிரி இருக்கும் செப்புக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுப்பவன் அவன்தான். என்னைவிட ஐந்து வயது இளையவன். என்னை அண்ணாத்த என்பான், அதனால் அவன் மகளுக்கு நான் பெரிப்பா. பஸ்ஸில் ஏறியதும் முதல் சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மதுராந்தகம் ஏரி வருவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவாள்.

போன வருடம் மூன்றில் மூத்த வண்டியில் கைவைத்தேன். வெடித்துப்போன டயர்களை மாற்றினேன். பிளாஸ்டிக் புஷ் இருந்த இடத்திலெல்லாம் பால் பேரிங் போட்டேன். ஊதிப்போன பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் முன்சக்கரங்கள் நடுங்கின. பெரிதாக ஒன்றுமில்லை, மழையில் நனைந்த நாயின் தொடை மாதிரி ஒரு சின்ன உதறல்.

முன்சக்கரத்தைத் திருப்புவது சர்வோ என்ற தீப்பெட்டி அளவு மோட்டார். அது கிழடு, உள்ளே பல் தேய்ந்திருக்கும் என்று தீர்மானித்து, இரும்புப் பல் வைத்த புதியதை வாங்கிப் போட்டேன். நடுக்கம் கூடியது. சென்னையில் அதை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு, டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டாய் என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். அடுத்து என் நண்பன்மேல் பாய்ந்தேன். மோட்டார் காயில் சரியில்லாமல் பொறி பறந்தால் அந்த மின் இரைச்சல், ரிமோட் சொல்வதை வண்டிக்குள் வாங்கும் ரிசீவரில் ஏறி சக்கரத்தை உதறவைக்கும். அதனால் குற்றம் அவன் காயிலில்தான்.

“காயிலு சரியாத்தான் கீது அண்ணாத்த. நான் கட்டுனதுல இதுவரிக்கும் ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல.”

“அப்போ எங்கேர்ந்து வருது நடுக்கம்? வண்டில பேயா பூந்துகிச்சு?”

அவன் கம்பியைப் பிரித்து மறுபடி கட்டினான். நான் மறுபடியும் குறை சொன்னேன். மறுபடியும் பிரித்துக் கட்டினான்.

இதில் என்னைக் குழப்பியது ஒன்று உண்டு. மேஜைமேல் வைத்துப் பார்த்தால் ஒரு கோளாறும் இருக்காது. ரிமோட்டை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து, ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்ப்பேன். சக்கரம் அசையாமல் நிற்கும். சரியாகிவிட்டது என்று வெளியே கொண்டுபோய், ரிமோட்டைக் கையில் எடுத்து ஓட்டினால் மறுபடி உதறல். ஆகவே, ஓடுகிற அதிர்ச்சியில் எங்கோ இணைப்பு விடுகிறது என்று முடிவுகட்டினேன். கோளாறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் குற்றவாளி அகப்படுவான். நான் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றினேன். கடைசியில் ரிமோட்டையே மாற்றினேன்.

பழைய ரிமோட்டில் தளர்ச்சி அதிகம். அதிலுள்ள திருப்பும் சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்தால் வண்டிக்குத் தெரியவே தெரியாது. புதியது மயிரிழை அசைந்தாலும் கோள் சொல்லிவிடும். அதைக் கையில் எடுத்த முதல் நாள் வண்டி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் நண்பனும் என் பைக்கில் கடப்பாக்கம் போனோம். ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே கழிமுகத்து ஓரம், தண்ணீர் வடிந்ததும் ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அங்கே வலை பிரிப்பவர்கள் எங்களை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நான் வண்டியை ஓட்டினேன்.

“இன்னா அண்ணாத்த, டான்ஸ் ஆடிகினு போவுது?”

“அதத்தான் ஆறு மாசமா சொல்லிகினு கீறேன், உனக்குப் புரியல.”

“இப்படிக் குடு, நான் ஒரு ரவுண்டு வுட்டுப் பாக்குறேன்.”

ரிமோட்டை வாங்கினான். என் தடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டினான். வண்டி கோட்டைச் சுவர் வரைக்கும் போய் நின்றது. ஒரு உதறல் இல்லை. மணலில் இரண்டு தடங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. அவனுடையது நூல் பிடித்த மாதிரி. என்னுடையது ரம்பப் பல் மாதிரி, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும்.

எத்தனையோ வருடமாகக் கோளாறு பார்க்கிறவன் நான். ஒரு நேரத்தில் ஒரு சாமான். அவன் மாற்றியது ஒரே ஒரு சாமானை. ரிமோட்டைப் பிடித்த கை.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை எடுக்கப் போனான். நேராக என் தடத்தின் மேலேயே, செருப்பைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தான். திரும்பி வரும்போதும் அதே வழியில் வந்தான். என் தடம் கலைந்துவிட்டது. பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரிமோட்டில் எதையோ அழுத்தினான்.

“செட்டிங்குதான் தப்பு அண்ணாத்த. இப்போ ஓட்டு.”

புது ரிமோட்டில் ஒரு வசதி இருக்கிறது. கை இவ்வளவு தூரம் அசையும் வரைக்கும் வண்டியிடம் சொல்லாதே என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். பெட்டியோடு வந்த தாளில் அதை நானும் படித்திருக்கிறேன். அவன் அதைத்தான் செய்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். நான் ஓட்டினேன். வண்டி நேராகப் போனது.

“அப்பாடா, செட்டிங்கா?” என்றேன்.

“செட்டிங்குதான்” என்றான்.

சிரித்தோம். காலையில் வரும்போது பைக்கை நான்தான் ஓட்டி வந்தேன். திரும்பும்போது நான் கேட்காமலே அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.

சாயந்திரம் மனைவி டீ கொடுத்தாள். முக்கால் டம்ளர். சில மாதமாகவே அப்படித்தான். பால்காரன் ஊரைவிட்டுப் போய்விட்டானா என்று நான் கிண்டல் செய்வேன். வோணும்னா இன்னொரு வாட்டி ஊத்துறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. சிந்தாமல் குடிக்க எனக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவள் கண்டுபிடித்து, அந்த அளவுக்கே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. மனசு எத்தனை சமாதானம் சொல்லும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விரல் நடுங்கினால் என்ன, பிடி நடுங்கவில்லையே. பஸ் ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் அளவுக்குத் தளர்ச்சி இருக்கிறதே, பஸ் நேராகத்தானே போகிறது. இன்னும் நாலு வருடம்தானே சர்வீஸ். பாலாற்றுப் பாலத்தில் ஒரு டாரஸ் லாரி உரசுகிற மாதிரி பக்கத்தில் வந்தபோது, ரோட்டைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தேன். ஒரு நொடி இருக்கும். பாலம் முடிந்ததும் முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

முதல் சீட் அன்று காலியாக இருந்தது. லீவாக இருக்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் காலி. புதன்கிழமை அவளோடு வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன்.

“அவ இனிமே ட்ரெயின்லதான் வருவாளாம் டிரைவரண்ணா. அவங்கப்பா சொல்ட்டாராம்.”

ட்ரெயின் என்றால் ஸ்டேஷன் வரைக்கும் நடக்க வேண்டும், செங்கல்பட்டில் இறங்கி இன்னொன்று மாற வேண்டும், தாமதமானால் திட்டு வாங்க வேண்டும். தெருமுனையில் வந்து நிற்கும் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தப் பெண் அதில் போகிறாள். அன்றைக்கு எல்லாரையும் இறக்கிவிட்டு, சாயந்திரம் திரும்ப ஏற்றி வந்து விட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் அவன் கடைக்குப் போனேன். மிக்சி மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

“உம் பொண்ணு இன்னாத்துக்கு ட்ரெயின்ல போவுது?”

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எனக்கு ஒரே பொண்ணு அண்ணாத்த.”

“அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?”

“எப்புடி சொல்றது? உன் கையப் பாத்து, உனுக்கு ஓட்டத் தெரியலன்னு நானா சொல்றது? சொன்னா நீ வுட்டுடுவியா?”

“அப்போ மத்த புள்ளைங்க?”

அவன் மறுபடி கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். தன் பிள்ளையை மட்டும் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. அவன் ஒருத்தியையாவது இறக்கினான். மணலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட நான், அதற்கப்புறம் மூன்று நாள் மற்ற முப்பத்தொன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். அந்த முப்பத்தொன்பது பேருக்கும் அப்பா இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கடப்பாக்கத்து மணலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடையிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டு வாசலில் நின்றே டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். நாளைக்கு வேறு ஆளை அனுப்புங்கள், எனக்குக் கை நடுங்குகிறது என்றேன். காய்ச்சலா என்று கேட்டார். இல்லை, ரொம்ப நாளாக நடுங்குகிறது என்றேன். உள்ளே மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார்கள். வரைந்ததைப் பார்த்ததும் எனக்கு அந்த ரம்பப் பல் ஞாபகம் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், பெரிய வண்டி இனி வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தார்கள். என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கம்பெனியில் இன்னும் யாரும் சொல்லவில்லை. மணல் வண்டிகள் பரண்மேல் இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மூத்த வண்டியின் ரிமோட்டில் நண்பன் வைத்த செட்டிங்கை எடுத்துவிட்டேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புது டிரைவருக்கு ரூட் காட்ட இரண்டு நாள் கூடப் போய்வரச் சொன்னார்கள். ஒரு காலத்தில் என் வாயால் அந்தக் ‘கூடம் கோணல்’ பழமொழியை வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள்தான் அவர். நான் முதல் சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ்ஸை எடுத்ததும், “ஸ்டீயரிங்கு கொஞ்சம் லூசா கீதே அண்ணாத்த” என்றார்.

“ஆமா, கீது” என்றேன்.

தெருமுனையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் செய்தி போய்ச்சேர நேரமா ஆகும்? ஏறினாள். டிரைவர் சீட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். “சாப்ட்டீங்களா பெரிப்பா?” என்று கேட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். நல்லவேளை, வந்துவிட்டாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். அது அப்புறம்தான் தோன்றியது. முதலில் வலித்தது. கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதுராந்தகம் ஏரி வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.