மாப்பிள்ளை வீட்டுக் கேடயம்

மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார். எனக்குப் பிடிக்காதது அவருக்குப் பின்னால் இருந்த சுவர்.

படம் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தது. என் தங்கச்சிக்குப் பேசி வந்த சம்பந்தம். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட, முன் தலை கொஞ்சம் ஏறின, சிரிக்கத் தெரிந்த மனுசன். சொந்தமாகப் பாண் பேக்கரி வைத்திருக்கிறார் என்று சொன்னார்கள். அவர் தோளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், நீல நிறத்தில் ஒரு கேடயம் தொங்கியது. கேடயத்தின் நடுவில் ஒரு மரம். உச்சியில் ஏதோ பறவை, அதன் வாயில் கனடாக்காரரின் மேப்பிள் இலை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வேலை கால்சாப் பகுதியில், ஒரு பழைய மாளிகையில், பிரபு வம்சத்து விதவை ஒருவரிடம். சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அந்த வீட்டில் இப்படியான கேடயங்களை நான் தினமும் தூசி தட்டினேன். வாசல் வளைவில் கல்லில் ஒன்று, படுக்கைக்கு மேலே மரத்தில் ஒன்று. கல்லில் இருந்ததற்கு மூக்குப் போன சிங்கம். பிரபுக்கள் குலச்சின்னமாக வைத்திருக்கிற சாமான் அது. ஊரில், எங்கள் தீவில் பிறந்து, அகதியாகக் கனடாவுக்குப் போய், பாண் சுடுகிற ஒருவருக்கு எங்கிருந்து வந்தது?

போதாக்குறைக்கு, சீதனம் வேண்டாமாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையாகவே சந்தேகம் வந்தது. கனடா மாப்பிள்ளை, சொந்தக் கடை, சொந்த வீடு. பெண்ணோ பலேர்மோவில் ஒரு கிழவருக்குச் சோறு தீத்திப் பராமரிக்கிறவள், வயது முப்பதை எட்டிப் பார்க்கிறது. ஒன்றும் வேண்டாம் என்கிறார் என்றால் எதையோ மறைக்கிறார். அங்கே ஒரு பெண்சாதி இருக்கலாம். நோய் வருத்தம் ஏதும் இருக்கலாம். அப்பா செத்த பிறகு இவளுக்கு மூத்தது நான்தான். இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

வியா மக்வேதா வீதியில் அப்போது ஒரு கடை இருந்தது. அமெரிக்காவில் இருந்து பாட்டன் பூட்டன் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் குடும்பப் பெயரைச் சொன்னால், அந்தக் கடைக்காரன் ஒரு கேடயத்தை அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பான். சிங்கமா, கழுகா, கோபுரமா, எது வேண்டுமென்றாலும் கிடைக்கும். வந்தவர்கள் கண் கலங்கி வாங்கிக்கொண்டு போவார்கள். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையும் கனடாவில் இப்படி ஒரு கடையில் ஏமாந்திருக்கிறார், அல்லது எங்களை ஏமாற்றப் பார்க்கிறார். இரண்டில் எது என்றாலும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

படத்தைச் சிஞ்ஞோராவிடம் காட்டினேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, மாப்பிள்ளையை ஒருதரம் கூடப் பார்க்காமல், நேரே சுவருக்குப் போனார்.

“கிரீடம் இல்லை” என்றார். “கிரீடம் இல்லாமல் என்ன குலச்சின்னம்? கனடாவில் பிரபுக்களே கிடையாது. இது பொய்.”

எனக்கு ஒரு பக்கம் திருப்தி, ஒரு பக்கம் எரிச்சல். அவருடைய சின்னத்தையே இத்தாலிக் குடியரசு சட்டை செய்வதில்லை என்று ஒவ்வொரு நாளும் காலையில் திட்டுகிறவர் அவர்தான். இப்போது எங்கள் மாப்பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்லுகிறார். ஆனாலும் கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். மரம் பனை மரம். அதன் அடியில், பொன் நிறத்தில், முறுக்கின கயிறு மாதிரி ஒரு வளையம். சிஞ்ஞோராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெபமாலை” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேதக்காரக் குடும்பம், கேடயத்தில் ஜெபமாலை. சிலுவையைக் காணவில்லை, வளையத்தின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிய, சம்பந்தம் கொண்டுவந்த அன்ரியைக் கோயில் வாசலில் பிடித்தேன். பிரான்காச்சோவில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். எங்கள் கோயில் பங்கில் பாதிப் பேரின் கலியாணங்கள் அவருடைய கைப்பையில்தான் இருந்தன.

“அன்ரி, உள்ளதைச் சொல்லுங்கோ. எங்கடை ஆக்கள்தானே?”

இந்தக் கேள்வியை நாங்கள் எல்லாரும் கேட்போம். சாதி என்ற சொல் வாயில் வராது. எங்கடை ஆக்களோ என்று மட்டும் கேட்போம். கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

“ஓம் பிள்ளை, எங்கடை ஆக்கள்தான்” என்றார் அன்ரி. கண் மட்டும் பஸ் வருகிற பக்கம் போனது. “ஏன், ஏதும் கேள்விப்பட்டனியோ?”

“இல்லை. சுவரிலை ஜெபமாலை போட்ட ஒரு சின்னம் கிடக்கு.”

“பாத்தியே! ஜெபமாலை வைக்கிற குடும்பம் வேறை எப்பிடி இருக்கும்?”

அடுத்த ஞாயிறு பங்கு முழுக்கக் கதை பரவியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் மாதாவின் ஜெபமாலையைக் குலச்சின்னமாக வைத்திருக்கிறார்களாம். நான் அன்ரிக்குச் சொன்னது அன்ரி சொன்னதாகி என்னிடமே திரும்பி வந்தது. எனக்குச் சந்தேகம் குறையவில்லை. கூடிவிட்டது. எல்லாரும் தலையாட்டுகிற இடத்தில்தான் பள்ளம் இருக்கும் என்பது என் அனுபவம்.

தங்கச்சி மட்டும் அந்தக் கதையில் சேரவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தாள், கனநேரம் பார்த்தாள், “எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள்.

“எதைப் பாத்துப் பிடிச்சது?”

“எல்லாத்தையும்தான்” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

நானே மாப்பிள்ளைக்கு அழைப்பது என்று முடிவு செய்தேன். டெலிபோன் கடையில் மரப் பெட்டி மாதிரி அறைகள். வெளியே கானாக்காரர், மொறோக்கோக்காரர், எங்கள் ஆட்கள் எல்லாரும் முறைக்கு நிற்பார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குசலம் விசாரிக்காமல் தொடங்கினேன்.

“தம்பி, குறை நினைக்கக்கூடாது. உங்களுக்குப் பின்னாலை சுவரிலை கிடக்கிற சின்னம் எந்தக் கடையிலை வாங்கினது?”

அவர் சிரித்தார். “கடையிலை இல்லை அக்கா. அரசாங்கம் தந்தது.”

“அரசாங்கத்துக்கு என்ன விசரோ?”

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். ஒட்டாவாவில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறதாம், மகாராணியின் பிரதிநிதிக்குக் கீழே. பிரபுவாக இருக்கத் தேவையில்லையாம். குடியுரிமை உள்ளவர், ஊருக்கு உபகாரமாக ஏதும் செய்தவர் என்றால் விண்ணப்பிக்கலாமாம். அவருடைய கடைக்கு வருகிற ஒரு வயதான வெள்ளைக்காரர்தான் வழி காட்டினாராம். அந்த அலுவலகத்தில் இருந்து, உன் கதை என்ன, எதைக் கேடயத்தில் வைக்க விரும்புகிறாய் என்று கேட்பார்களாம். பிறகு ஓவியர் ஒருவர் கையால் வரைவாராம். வேறு யாருக்கும் அதே சின்னம் கொடுக்க மாட்டார்களாம்.

“மகனுக்கு மட்டும் இல்லை அக்கா. மகள் பிறந்தாலும் அவவுக்கும் சேரும்” என்றார்.

இன்னும் பிறக்காத பிள்ளைக்கு உரிமை பேசுகிற மனுசனை நான் அதுவரை கண்டதில்லை. அதிலும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு வழுவழுப்பாகக் கதைக்கிறவர் எதையும் விற்பார்.

“எல்லாம் சரி. ஜெபமாலையை ஏன் மரத்துக்குக் கீழை போட்டவை? மாதாவின்ரை சாமானை நிலத்திலை போடுறதோ?”

பிடித்துவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன்.

“அக்கா, அது ஜெபமாலை இல்லை” என்றார். “அது தளைநார்.”

தளைநார் என்றால் பனை ஏறுகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்கிற நார் வளையம்.

“என்ரை அப்பா பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். அவரின்ரை அப்பாவும் அதுதான்” என்றார் அவர். “என்ன வைக்கிறதெண்டு ஒட்டாவாவிலை கேட்டவை. எனக்கு வேறை ஒண்டும் யோசினை வரேல்லை. இனி விசாரிக்கிற ஆக்களுக்கும் வேலை மிச்சம்.”

கைபேசி மாதிரி அல்ல, அந்தக் கடையில் ரிசீவர் பாரமானது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தீவில் ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் பனை ஏறுகிற ஆட்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து குந்தினதில்லை. அவர்கள் வீட்டில் நாங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. கலியாணம் என்பது பேச்சிலும் வராத காரியம்.

“அன்ரி சொல்லேல்லையே” என்றேன் கடைசியில்.

“நான் அவவுக்கு முதல் நாளே சொன்னனான். பெட்டை வீட்டுக்குச் சொல்லியாச்சு எண்டவ.” பிறகு குரல் கொஞ்சம் மாறியது. “அக்கா, நீங்கள் வேண்டாம் எண்டால் எனக்குக் கோபம் இல்லை. ஓம் எண்டால், உங்கடை அம்மாவுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. ஜெபமாலை எண்டு சொல்லிச் செய்யிற கலியாணத்துக்கு நான் வரமாட்டன்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அன்ரி மேல் கோபம், ஒட்டாவா மேல் கோபம், அந்த ஓவியர் மேலும் கோபம். ஊரே மூடி வைக்கிற ஒன்றைப் பொன் நிறத்தில் வரைந்து கொடுப்பார்களா? தங்கச்சி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அது என்ன வளையம் தெரியுமோ உனக்கு?”

“தளைநார்.”

“ஆர் சொன்னது?”

“படத்தைப் பாத்த உடனை தெரிஞ்சது. எங்கடை வளவுக்கு விடிய பனை ஏற ஒராள் வாறவர், சின்னனிலை நான் அவருக்குப் பின்னாலை திரிஞ்சனான். நீங்கள் கொன்வென்ற் போர்டிங்கிலை இருந்தனீங்கள்.”

“தெரிஞ்சுகொண்டே பிடிச்சிருக்கு எண்டனியோ?”

“ஓம்.”

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று முழுக்க எழுத விருப்பமில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். குடும்ப மானம், அம்மாவின் வயது, நாளைக்கு என் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வரவேண்டும் என்பது வரை போனேன். அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அக்கா, அவருக்கு அம்மா எதிலை தேத்தண்ணி குடுத்தவ?”

“எவருக்கு?”

“பனை ஏற வாறவருக்கு. சிரட்டையிலை. உங்கடை சிஞ்ஞோரா உங்களுக்கு எதிலை தாறவ?”

சிஞ்ஞோராவின் கோப்பைகள் எல்லாம் சிங்கம் போட்டவை. எனக்கென்று ஒரு தடித்த கண்ணாடிக் கிளாஸ், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பற்றி நான் தங்கச்சியிடம் சொன்னதே இல்லை. அவளுடைய கிழவர் வீட்டிலும் அப்படி ஒரு கிளாஸ் இருந்திருக்க வேண்டும்.

“அது வேறை” என்றேன்.

“என்ன வேறை?”

எனக்குச் சரியான ஆத்திரம் வந்தது. மீதி வெங்காயத்தை நான் உரித்தேன்.

மூன்று நாள் நாங்கள் கதைக்கவில்லை. நாலாம் நாள் நான்தான் இறங்கினேன். மனம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அவள் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“சரி. செய். ஆனால் அம்மாவுக்கு ஜெபமாலை எண்டே இருக்கட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?”

“அவருக்குத் தெரியும்” என்றாள்.

அம்மா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தா. சண்டைக்குப் பயந்து வந்து, பாஸும் பொலிஸ் பதிவுமாக இழுபட்டுக்கொண்டிருந்த காலம். டெலிபோன் கீழே மனேஜரின் மேசையில். அவர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் கடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். அம்மா மூச்சு வாங்க வந்து ரிசீவரை எடுத்தா. நான் பலேர்மோ வெயிலைப் பற்றிக் கதைத்தேன், முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டேன்.

“மாப்பிள்ளை வீட்டை விசாரிச்சாச்சோ?” அம்மாவே கேட்டா. “எங்கடை ஆக்கள்தானே? ஜெபமாலைக் குடும்பம் எண்டு இஞ்சையும் கதை வந்தது.”

நான் வாய் திறக்குமுன் தங்கச்சி ரிசீவரை என் கையில் இருந்து இழுத்தாள்.

“அம்மா, அது ஜெபமாலை இல்லை. தளைநார். அவரின்ரை அப்பா பனை ஏறினவர். எனக்குச் சம்மதம். நீங்களும் ஓம் எண்டு சொல்லவேணும்.”

இரண்டு பேரும் காதைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றோம். அம்மாவின் மூச்சு கேட்டது. பிறகு ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

“வைச்சிட்டாவோ?” என்றாள் தங்கச்சி.

“கொழும்பு லைன்தானே. வெட்டுப்பட்டிருக்கும்” என்றேன். நான் அதை நம்பவில்லை. அவள் நம்பினாள், அல்லது நம்ப விரும்பினாள். மறுபடி இலக்கங்களை அழுத்தினாள். இந்த முறை எடுத்தது மனேஜர். அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாருடனோ கதைத்தார். திரும்பி வந்து, பாவம், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னார்:

“பிள்ளை, அம்மா இஞ்சை பக்கத்திலைதான் நிக்கிறா. தான் அறையிலை இல்லையெண்டு சொல்லட்டாம்.”

தங்கச்சிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரிசீவரை விடாமல், கோயிலின் பெயரையும், தானும் மாப்பிள்ளையும் குறித்து வைத்திருந்த கலியாணத் தேதியையும் மனேஜருக்கே சொன்னாள். அம்மா அறைக்கு வந்ததும் சொல்லிவிடச் சொன்னாள்.