சம்பந்தி வீட்டு வழக்கம்

கல்கத்தாவின் தை மாதக் குளிர் அப்படி ஒன்றும் பெரிய குளிர் இல்லை. இந்த ஊர்க்காரர்கள்தான் அதற்கு ராஜ மரியாதை கொடுப்பார்கள். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். சாப்பாட்டில் ரசம் இல்லாமல் இருக்க மாட்டார், ஆனால் குரங்குக் குல்லா விஷயத்தில் முழு வங்காளி. போன வருஷம் அந்தக் குல்லாவையும் மஃப்ளரையும் மாட்டிக்கொண்டு, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு படுத்திருந்த மனிதரின் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போட்டது நான்தான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வயிற்றிலிருந்து கிளம்பும் சூடு நெஞ்சு, கழுத்து வழியாக ஏறி முகத்துக்கு வந்ததும் வேர்த்துக் கொட்டிவிடும். நான் வங்கியில் கடன் பிரிவில் அதிகாரியாக இருக்கிறேன். வீட்டுக் கடன் கேட்டு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், என் முகம் சிவந்து வேர்ப்பதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய பத்திரத்தில்தான் ஏதோ வில்லங்கம் என்று பயந்து எழுந்தே போய்விட்டார். இன்னொரு நாள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது 'தவணை' என்பதற்கான ஆங்கிலச் சொல் மறந்துபோனது. தினம் நூறு தடவை சொல்கிற சொல். என்னைவிட வயதில் சின்னவரான மேனேஜர் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் போய் எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவியபிறகு, எதற்கு அழுதேன் என்று யோசித்து வெட்கப்பட்டேன்.

மாதாந்திரக் கணக்கும் தாறுமாறாகப் போனது. மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. அப்புறம் வந்தால் ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். என் புடவை அலமாரி மெல்ல மெல்ல இருட்டிக்கொண்டே வந்தது. வெளிர் நிறப் புடவைகளையெல்லாம் அடியில் தள்ளிவிட்டு அரக்கும் கறுப்புமாக எடுத்து உடுத்தத் தொடங்கினேன். 'உனக்கு டார்க் கலர் நன்னா இருக்கு' என்று ஆபீஸில் ஒரு தோழி பாராட்டியபோது சிரித்து வைத்தேன்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் லேடி டாக்டரிடம் போனேன். அவர் எல்லாம் நிதானமாகச் சொன்னார். ஒரு வருஷம் முழுசாக வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம், அதுவரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். கேட்டுக்கொண்டேன், தலையையும் ஆட்டினேன். அதற்குப்பின் ஏழெட்டு மாதம் ஒன்றும் வராமல் இருந்ததும், டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் பெண்ணின் கல்யாணம் நிச்சயமானது. அவளோடு வேலை பார்க்கும் வங்காளிப் பையன். காலையில் நம் முறைப்படி கல்யாணம், சாயங்காலம் அவர்கள் முறைப்படி என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தோம். முகூர்த்தம் பார்க்கும் பொறுப்பை மாம்பலத்தில் இருக்கும் என் நாத்தனார் எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் பார்ப்பது என்றால் பஞ்சாங்கம் மட்டும் போதாது, கல்யாணப் பெண்ணின் தேதியும் வேண்டும். மணையில் உட்கார்கிற நாளில் அவள் தூரமாகிவிடக் கூடாது. நாத்தனார் ஃபோனில் கேட்டார். நான் கூடத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணோட தேதி சொல்லிட்டே, சரி. எதுக்கும் தள்ளிப்போடற மாத்திரையும் போட்டுக்கச் சொல்லு. உனக்கு எப்படிடி? நீதானே தாரை வார்க்கணும்."

பேப்பர் ஒரு அங்குலம் மேலே ஏறியது. மாமியாராகப் போகிறவளுக்கு இன்னுமா இது என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எனக்கெல்லாம் முடிஞ்சுடுத்துக்கா" என்றேன்.

"பாக்கியசாலி" என்றார் நாத்தனார்.

டாலிகஞ்சில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். பையனின் அம்மா வரவில்லை. வங்காளத்தில் பல குடும்பங்களில் அம்மா தன் பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று ஒரு வழக்கம். பெண்ணின் அம்மாவும் அப்படித்தான், எங்கேயாவது ஒரு அறையில் உட்கார்ந்திருப்பாள். பையனின் மாஷி, அதாவது அம்மாவின் தங்கை, வந்தவர்களுக்குத் தலைமை. இந்த வழக்கத்தை முந்தின நாள்தான் எனக்கு விளக்கியிருந்தார். எங்களுக்கோ அம்மா இல்லாமல் கல்யாணமே நடக்காது. அப்பா மடியில் பெண் உட்கார, அம்மா ஜலம் விட்டுத் தாரை வார்த்தால்தான் கன்னிகாதானம்.

ஊஞ்சல் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டிக்கொண்டு நான் பச்சைப்பிடி என்கிற கலர் சாத உருண்டைகளைத் திருஷ்டிக்குச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. பழக்கமான இழுப்புதான். இருக்காது, காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த உருண்டையைப் போடுவதற்குள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது.

மாடி அறைக்கு எப்படி ஏறிப் போனேன் என்று தெரியவில்லை. கதவைத் தாழிட்டேன். மடிசாரில் கச்சம் கால்களுக்கு நடுவே போய்ப் பின்னால் செருகியிருக்கும். கறை பட்டால் ஊருக்கே தெரிகிற இடத்தில்தான் படும். நல்லவேளையாக அரக்கு. கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை. முடிந்தவள் எதற்குக் கொண்டு வருவாள்? ஒரு துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு, கட்டிலில் பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். ஐம்பதை நெருங்குகிறவள், பதின்மூன்று வயதுப் பெண் மாதிரி. அந்த நேரம் பார்த்து முகத்துக்குச் சூடு வேறு ஏறியது.

நாத்தனார் கதவைத் தட்டினார். "என்னடி பண்றே? ஊஞ்சல் முடிஞ்சுடுத்து. கன்னிகாதானத்துக்குக் கூப்பிடறா."

சொல்லியிருக்கலாம். 'வந்துடுத்துக்கா' என்று ஒரே வார்த்தை. ஆனால் பாக்கியசாலி என்று சொன்னவரிடம் அதை எப்படிச் சொல்வது? கதவை விரற்கடை திறந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். "இவா வழக்கத்துல அம்மா பொண்ணு கல்யாணத்தைப் பாக்கப்படாதாம். மாப்பிள்ளையோட அம்மாவும் வரல. நானும் பாக்கலைக்கா. நீங்களும் அத்திம்பேருமா தாரை வார்த்துக் குடுத்துடுங்கோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குப் பைத்தியம் பிடிச்சுடுத்தா? நேத்திக்கு ராத்திரி வரைக்கும் இல்லாத வழக்கம் எங்கேர்ந்து வந்தது? பெத்தவ உயிரோட மாடியில உக்காந்துண்டு இருக்கறச்சே நான் எதுக்குடி வார்க்கணும்?"

"பொண்ணு நன்னா இருக்கணும்னுதான்" என்றேன். பெண் நன்றாக இருக்க வேண்டும் என்ற பிறகு யார் வாதாட முடியும்? முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

பொய் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கீழே போய் அது வேர்விட்டுவிட்டது. சற்று நேரத்தில் மாஷி மூச்சு வாங்க மாடி ஏறி, நான் தாழிட மறந்த கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணெல்லாம் ஈரம். "தீதி" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, எங்கள் நியமத்துக்காக உங்கள் நியமத்தையே விட்டுக்கொடுத்தீர்களே, என் அக்காவிடம் இப்போதுதான் ஃபோனில் சொன்னேன், அவள் அழுகிறாள் என்று வங்காளியில் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். நான் எழுந்திருக்க முடியாமல், பேப்பர் சரசரக்க, உட்கார்ந்தபடியே கட்டிக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் என்னென்னவோ நல்ல வார்த்தைகள் சொன்னார். வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு உயர்த்திப் பேசியதில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர் போனதும் கதவை மறுபடி தாழிட்டேன். கீழே நாதஸ்வரம் நின்றிருப்பது காதில் உறைத்தது. மாடிப்படியில் கொலுசுச் சத்தம். யாரோ "எங்கேம்மா போறே, முகூர்த்தத்துக்கு நேரமாறது" என்று பின்னாலேயே கூவிக்கொண்டு வந்தார்கள்.

"அம்மா, தொர்ஜா கோலோ" என்றாள் என் பெண். கோபம் வந்தால் அவளுக்கு வங்காளிதான் முதலில் வரும். கதவைத் திறந்தேன். இரண்டு மாலைகளோடு உள்ளே வந்து, பின்னால் வந்தவர்களின் முகத்துக்கு நேரே தாழிட்டாள்.

"மாஷி கீழே எல்லாரையும் அழ வெச்சுண்டிருக்கா. அத்தை மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டிருக்கா. உனக்கு நியமமாவது ஒண்ணாவது. நெஜத்தச் சொல்லு, கீ ஹோலோ, என்ன ஆச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் கட்டிலைப் பார்த்தாள், விரித்திருந்த பேப்பரைப் பார்த்தாள்.

"பீரியட்ஸா?"

தலையை ஆட்டினேன். "நின்னுடுத்துன்னு நெனச்சேன். உங்க அத்தைகிட்ட அப்படித்தான் சொன்னேன். இப்போ எந்த மூஞ்சிய வெச்சுண்டு…" பெற்ற பெண்ணின் முகூர்த்த நேரத்தில், அவள் முன்னாலேயே, குழந்தை மாதிரி விசும்பினேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். அவள் மூலையில் இருந்த தன் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கையை விட்டு, ஒரு பேட் எடுத்து என்னிடம் நீட்டினாள். பாக்கெட் ஏற்கனவே பிரித்திருந்தது.

"எனக்கு நேத்திக்கே வந்துடுத்து" என்றாள்.

"மாத்திரை?"

"நாலு நாள் போட்டேன். வாந்தியும் தலைவலியுமா வந்தது, நிறுத்திட்டேன்."

"என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"சொன்னா நீ கல்யாணத்தையே நிறுத்திடுவியோன்னு பயமா இருந்தது" என்றாள். அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வருமோ என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. நேற்றிலிருந்து நலங்கிலும் விரதத்திலும் ஜானவாசத்திலும் இந்தப் பெண் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே நின்று, தலையில் பூ சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாத்ரூம் போயிட்டு வா. நானே மடிசார் சரி பண்ணி விடறேன். நீ வரலைன்னா நான் மணையில உக்காரமாட்டேன். அத்தை கேட்டா ரெண்டு பேர் விஷயத்தையும் மைக்ல சொல்லிடுவேன்."

சொல்லக்கூடியவள்தான். போனேன். அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து என் கச்சத்தைச் செருகினாள். மடிசார் கட்ட அவளுக்குத் தெரியாது, ஏதோ பண்ணினாள். இரண்டு பேரும் ஒன்றாகப் படியிறங்கினோம். மாஷி ஒரு கணம் விழித்தார். பிறகு, பெண்ணே வந்து கூப்பிட்டால் எந்த அம்மாதான் வராமல் இருப்பாள் என்று அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்து மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் சொம்பை என் கையில் திணித்து, "வேளை கெட்ட வேளையில நாடகம்" என்றார்.

தைரியம் வந்து நான் இறங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்னிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஸ்வாமி, தப்பு இருந்தால் எனக்குக் கொடு, அவளுக்கு வேண்டாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியாத என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் அவர் மடியில் போய் உட்கார்ந்தாள். உட்காரும்போது ஒரு கை தன்னிச்சையாக இடுப்புக்குப் பின்னால் போய் அழுத்தியது. எனக்கு மட்டும் தெரியும் அந்த அழுத்தல் என்னவென்று.

அவளுக்கு முதன்முதலில் வந்த நாளிலிருந்து மாதா மாதம் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. இன்னிக்கு என்ன தேதி, சாமி அறைக்குப் போனாயா, ஊறுகாயைத் தொட்டாயா. வேறொன்றும் கேட்டதாக ஞாபகம் இல்லை. எல்லார் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மேலே தேங்காய் இருந்தது. சாஸ்திரிகள் மந்திரம் சொல்லத் தொடங்கினார். நான் சொம்போடு குனிந்தவள், அவள் காதருகே கேட்டேன்.

"ரொம்ப வலிக்கறதாடி?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை கலங்காத கண் நிறைந்தது. "ம்" என்றாள்.

"மாமி, ஜலத்தை விடுங்கோ, நேரமாறது" என்றார் சாஸ்திரிகள்.