வயரைக் கைப்பையில் பூட்டி வாங்கிய லேப்டாப்

தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்சகத்துக்குக் கொடுத்துவந்தேன். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கிள்ளான் பக்கம்தான் வாடிக்கையாளர்கள் அதிகம். மாதிரியைக் காகிதத்தில் எடுத்துப்போனால், தாய்மாமா பெயரை விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். திரும்பி வந்து திருத்தி மறுபடி பஸ் ஏறுவேன். கையோடு கொண்டுபோகும் கம்ப்யூட்டர் இருந்தால் அவர்கள் கண்முன்னாலேயே திருத்திவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் பேட்டரி நிற்க வேண்டும். நான் போகிற வீடுகளில், கூடத்தில் இருக்கும் ஒரே பிளக்கில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். எனக்காக அதை யாரும் அணைக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என் பெரிய மானிட்டரையும் அதில் மாட்ட முடிய வேண்டும். சின்னத் திரையில் மெய்யெழுத்தின் புள்ளி தெரியாது. புள்ளி போனால் மாப்பிள்ளை பெயரே மாறிவிடும்.

பாசாரில் மீன் வாங்கினால், செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் கண்ணை அழுத்திப் பார்க்கிறவள் நான். ஒருநாள் காலை, அந்த மானிட்டரை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி, டாக்சியில் ஏற்றி, ஊருக்குள் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன்.

நான் நுழைந்ததுமே, டை கட்டிய தமிழ் இளைஞன் ஒருவன் “வாங்க அக்கா” என்றான். அந்த ‘அக்கா’வே எனக்குப் பிடிக்கவில்லை. மெல்லிய ஒரு லேப்டாப்பைத் திறந்து காட்டினான்.

“லேட்டஸ்ட், அக்கா. கலர். மத்தியானம் வரைக்கும் தாங்கும் லா.”

“அப்ப வயரைக் கழட்டுங்க. நான் இங்கயே உக்காந்து டைப் பண்றேன்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கழற்றினான்.

பழைய பத்திரிகை ஒன்றை நினைவிலிருந்து அடித்துக்கொண்டிருந்தேன். இடையில் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால், லேப்டாப்பில் அணைந்திருந்த சின்ன விளக்கு ஒன்று ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். ஓர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் வளைந்து வந்து வயர் மாட்டியிருந்தது.

“இது என்ன?”

“சார்ஜ் கொறஞ்சிச்சு அக்கா, அதான்...”

“கொறையுதான்னு பாக்கத்தானே உக்காந்திருக்கேன்!”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

“மெதுவா லா அக்கா. பாஸ் உள்ள இருக்காரு. இந்த மாடல்தான் தள்ளணும்னு சொல்லியிருக்காரு.”

நான் கிளம்புவதற்காக மானிட்டரை மறுபடி விரிப்பில் சுற்ற ஆரம்பித்தேன். அவன் கீழ்த்தட்டிலிருந்து தடித்த ஒரு கருப்பு லேப்டாப்பை எடுத்து வைத்தான். திரை சாம்பல் நிறம்.

“இதுல கலர் இல்ல. அதனாலதான் பேட்டரி நிக்கும். உங்க வேலைக்கு இதான் சரி.”

“ஏன் மொதல்லயே காட்டல?”

“யாரும் கேக்கறதில்ல அக்கா. எனக்கும் இதுல கமிஷன் ஒண்ணும் கெடைக்காது.”

விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். இந்த முறை வயரை நானே கழற்றி, சுருட்டி, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். அதே பத்திரிகையை மறுபடி அடிக்க ஆரம்பித்தேன். கழிப்பறைக்குப் போகவில்லை. அவன் வாங்கி வந்த பெட்டிப் பானத்தையும் தொடவில்லை. கடைக்காரர்கள் சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். திரை அணையவில்லை. உள்ளே வேறு ஏதாவது வைத்திருக்கிறானோ என்று ஒருமுறை தூக்கி அடிப்பக்கத்தைக்கூடப் பார்த்தேன்.

அப்புறம் மானிட்டரை மாட்டச் சொன்னேன். மாட்டியதும் லேப்டாப்பின் திரை இருண்டது.

“போச்சா?”

அவன் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினான். என் மானிட்டரில் நான் அடித்த பத்திரிகை வந்தது, கலரில். குங்குமச் சிவப்பில் ஒரு பார்டர், நடுவில் மஞ்சள். சாம்பல் திரைக்குள் இவ்வளவு நேரம் இது இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு வந்தது, அவன் பார்ப்பதற்குள் அடக்கிக்கொண்டேன். அதையே வாங்கினேன்.

அதை முதலில் எடுத்துப்போனது கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானுக்கு. கல்யாணப் பெண்ணின் அப்பா, துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், சாப்பாட்டு மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன தாய்மாமா பெயரை அங்கேயே சேர்த்தேன். அவர் எழுந்து வந்து லேப்டாப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

“இங்க மாத்தினா பேப்பர்ல மாறுமா?”

“மாறும் அங்கிள்.”

“நீ சொல்ற. அங்க போயி பழசே வந்துச்சுன்னா?”

எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. கடையில் நான் உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்தது.

“நானும் வரேன். பாத்துட்டே வரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். “பை கனமா இருக்கே, குடும்மா, நான் வெச்சுக்கறேன்” என்றார். பரவாயில்லை என்று சொல்லி, பையின் வாரை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

என் வீட்டில் பிரிண்டர் தள்ளிய தாளை ஜன்னலருகே கொண்டுபோய், விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். தாய்மாமா பெயரில் விரல் நின்றது. புள்ளியெல்லாம் சரியாக இருந்தது.

“சரிதான்” என்றார். பிரிண்டரின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு எடும்மா, பாப்போம்” என்றார்.