மயிலுக்குப் பின்னால் ஒரு விதி

போன செவ்வாய்க்கிழமை, சென்னையில் எங்கள் பேட்டைப் பூங்காவிலிருந்து என்னை விசில் ஊதி வெளியே அனுப்பினார்கள்.

குற்றம் ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

"சார், டைம் ஆச்சு" என்றார் செக்யூரிட்டி.

"பத்தாக இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே."

"நீங்க எழுந்து கேட் வரைக்கும் நடக்க அந்த ரெண்டு நிமிஷம் வேணாமா சார்?"

நியாயமான கணக்கு. போன வருஷம் ஒரே நிமிஷத்தில் நடந்தேன்.

சென்னைவாசிகளுக்குத் தெரியும் — இங்கே பல பூங்காக்கள் காலையில் பத்து மணி வரை, பிறகு மாலை நான்கு மணிக்கு மேல். நடுவில் ஆறு மணி நேரம் மரமும் நிழலும் பெஞ்சும் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். வெயில் வெளியே இருக்கும். நாமும் வெளியே இருப்போம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் பகல் பதினோரு மணிக்கு எங்கேதான் போவான்? கடற்கரையில் மணல் செருப்பைத் தாண்டிச் சுடுகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற பெரிய தோட்டத்தில், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிற ஜோடிகள் எல்லா பெஞ்சையும் பிடித்துவிடுகிறார்கள். பேங்கில் ஏசி உண்டு. ஆனால் பாஸ்புக்கில் எத்தனை தடவைதான் பதிவது? வீட்டில் இருக்கலாமே என்பீர்கள். இருந்து பாருங்கள்... பதினோரு மணிக்குத்தான் தரை துடைப்பார்கள். காலைத் தூக்கச் சொல்வார்கள்.

செக்யூரிட்டியிடம் நான் வாதாடவில்லை. வாதாடும் தகுதி எனக்கில்லை. அந்த நேரத்தை எழுதி வைத்தவனே நான்தான்.

பூங்காக்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஒரு கடலோரப் பூங்காவுக்கு விதிகள் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மொத்தம் பதினான்கு. பகல் பூட்டுக்குக் கோப்பில் சொன்ன காரணம், பராமரிப்புப் பணி. கோப்பில் சொல்லாத காரணம் — மதியச் சாப்பாட்டுக்குப் போன மேலதிகாரி ஒருவர், ஒரே குடைக்குள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கலாம். அவர்களும் எங்கேயோ விசில் கேட்டு எழுந்து போய்க்கொண்டிருக்கலாம்.

விஷயம் சென்னையோடு நின்றிருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். நிற்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், "பூட்டாத இடமா ஏதாவது ஒண்ணுக்குப் போகலாம்" என்றாள் மனைவி. கொல்லிமலை என்று முடிவானது. மலைக்கு யார் கேட் போடுவார்கள் என்ற தைரியம். நாமக்கல்லில் ஒரு வாடகை கார் பிடித்து ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முப்பதாவது பலகை வரை வாய்விட்டு எண்ணிய மனைவி, அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில், அன்னாசியும் மிளகும் விற்கிற கடைகளின் முன்னால் வண்டி நின்றது. அன்னாசி வாசனையே அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒரு பாத்ரூம் வேணும். அப்புறம் ஆடாத ஒரு பெஞ்சு வேணும். வேற எதுவும் காட்டாதீங்க."

கடைக்காரர் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவைச் சொன்னார். அதன் பெயர் வேண்டாம். டிரைவர் எங்களை அங்கே இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மணி பதினொன்றே கால். கேட்டில் பூட்டு.

உள்ளே, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்ட ஓர் அம்மாள் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பெயர் பழனியம்மா. மலையிலேயே தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு கிராமம். பூங்காவுக்குக் காவல், தண்ணீர், குப்பை எல்லாம் அவர்தான். தற்காலிகப் பணி.

"நாலு மணிக்குத்தானுங்க தொறப்போம்" என்றார் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து.

"நாலு மணிக்கு நாங்க மலை இறங்கணுமே அம்மா."

"எல்லாரும் அப்பத்தானுங்க எறங்குவாங்க. காலைல பத்து வரைக்கும் பனிங்க, ஆரும் வர மாட்டாங்க. நாலுக்கு மேல ஆரும் இருக்க மாட்டாங்க."

"அப்போ இந்தப் பூங்கா யாருக்கு?"

"அதைத்தானுங்க நானும் ரோசனை பண்ணீட்டே இருக்கறேன்."

கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய பலகை. எங்கே விதி எழுதியிருந்தாலும் நின்று படிப்பது என் வியாதி. படித்துக்கொண்டே வந்தவன் ஒன்பதாவதில் நின்றேன்.

'கடலில் குளித்த ஈர உடையுடன் பெஞ்சுகளில் அமரக் கூடாது.'

கொல்லிமலை. கடல் அங்கிருந்து அரைநாள் பயணம்.

அது என் வாக்கியம். என் 'அமரக் கூடாது'. கடலோரப் பூங்காவின் விதிகளை 'மாதிரி விதிகள்' என்று தலைப்பு மாற்றி ஊர் ஊராக அனுப்பியது மெல்ல நினைவுக்கு வந்தது. 'உள்ளூர் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று கேள்வி வரும். மாற்றாமல் விட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்த ஊர் அலுவலகத்து நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

"இந்த ஒன்பதாவதை எப்படிம்மா நடைமுறைப்படுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"அருவீல குளிச்சுப்போட்டு வர்றவங்களை உக்கார உடறதில்லீங்க. கடத்தண்ணின்னா என்ன, அருவித்தண்ணின்னா என்ன... ஈரம் ஈரந்தானுங்களே."

என் கீழ் வேலை பார்த்த ஒருவரும் ஒரு விதியை இத்தனை புத்தியோடு படித்ததில்லை.

"ஏங்க" என்றாள் மனைவி. ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஆராய்ச்சியை அப்புறம் வெச்சுக்கலாம்."

பழனியம்மா அவளைப் பார்த்தார். கை இடுப்புச் சாவிக்குப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"போன வாரம் வரைக்கும் தொறந்து உட்டுட்டுத்தானுங்க இருந்தேன். இப்பத் தொறந்தா வேலை போயிருமுங்க."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கம்பி வழியாக நீட்டினார். குறிப்பாணை. பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் பூங்காவைத் திறந்ததற்காக உங்களை ஏன் பணியிலிருந்து விடுவிக்கக் கூடாது, ஏழு நாளுக்குள் விளக்கம் தருக.

நடந்தது இதுதான். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நண்பகலில் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். அவர்கள் நன்றி மறக்காதவர்கள். 'ரூல்ஸைப் பார்க்காமல் மனசைப் பார்த்த தங்கமான அக்கா' என்று வீடியோ போட்டுவிட்டார்கள். அக்காவுக்குப் பின்னால் நேரப் பலகை பளிச்சென்று தெரிந்தது. பாராட்டு பலருக்கும் போய், கடைசியில் அலுவலகத்துக்கும் போனது.

ஏழில் ஆறு நாள் முடிந்திருந்தது.

"பதில் எழுதினீங்களா?"

"எழுதி வெச்சிருக்கறேனுங்க. தப்புத்தான், மன்னிச்சுப்போடுங்கன்னு. நாளைக்குக் கொண்டுட்டுப் போய்க் குடுக்கோணும்."

இப்படி எத்தனை மன்னிப்புக் கடிதங்களைக் கோப்பில் வைத்து, 'குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்' என்று அதன் கீழே குறிப்பு எழுதியிருக்கிறேன். நல்லவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள். அவர்களைத்தான் சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியும்.

"அதைக் கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

"கிழிச்சுப்போட்டு?" என்றார் பழனியம்மா. "மரவள்ளி வருசத்துக்கு ஒருக்காங்க. மிளகு காய்ச்சா உண்டு. இதொண்ணுதான் மாசமானா கைக்கு வருது."

"பதினாலாவது விதின்னு ஒண்ணு இருக்கும்மா. அதை வெச்சு எழுதணும்."

"பதிமூணுதானுங்க இருக்குது."

பலகையைப் பார்த்தேன். பதின்மூன்றுதான். அதற்குக் கீழே இடம் போதவில்லை என்று பெயிண்டர் நினைத்திருக்க வேண்டும். இருந்த இடத்தில், தோகை விரித்த ஒரு மயிலை வரைந்து முடித்திருந்தார்.

மயில் நின்ற இடத்தில் இருக்க வேண்டியது இது: எதிர்பாராத அவசர நிலையில், பூங்காவின் பொறுப்பில் இருப்பவர் மேற்கண்ட விதி எதையும் தளர்த்தலாம். இரக்கப்பட்டு எழுதியதல்ல. எந்த விதித்தொகுப்பிலும் கடைசியில் ஒரு சின்னக் கதவு வைப்போம் — நாளைக்கு நம் ஆள் யாராவது மாட்டிக்கொண்டால் வெளியே கூட்டிவர.

"மயிலுக்குப் பின்னால இருக்கு" என்றேன்.

அவர் மயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

மதகிலிருந்து பதில் வந்தது. "அதை எழுதினதே இவர்தாம்மா. பத்து மணிக்குப் பூட்டச் சொன்னதும் இவர்தான்."

பழனியம்மா குறிப்பாணையைத் திரும்ப வாங்கி, மறுபடி நாலாக மடித்தார்.

"ஏனுங்க" என்றார் பழனியம்மா. குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எழுதறதுக்கு மின்ன ஒருக்கா இங்க வந்து பாத்திருக்கலாமுங்கல்ல?"

தணிக்கைக்காரர்கள் என்னிடம் ஆயிரம் கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதில்லை.

சாவி திரும்பியது. "நீங்க உள்ள வாங்கம்மா. போறது போவட்டும்."

மனைவி பாத்ரூம் போய்விட்டு வந்து ஆடாத பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்தாள். பக்கத்து பெஞ்சில் நாங்கள் விளக்கம் எழுத ஆரம்பித்தோம். நான் சொல்ல, அவர் எழுதினார். ஒவ்வோர் எழுத்தையும் நாற்று மாதிரி இடம் விட்டு நட்டார்.

"அன்னைக்கு ஏன் திறந்தீங்க? யாருக்காவது மயக்கமா?"

"இல்லீங்க. நல்லா சிரிச்சுட்டுத்தான் நின்னாங்க."

"மயக்கம்னு எழுதினா பலமா இருக்கும்."

"பொய்யிங்க அது" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கொழந்தைங்களுக்கு ஒண்ணுக்கு வந்திருச்சு. பொட்டப்புள்ளைங்க. ரோட்டோரமாப் போவச் சொல்றதுங்களா?"

"அது போதும். ஆபீஸ் பாஷையில் அதுக்கு இயற்கை உபாதைன்னு பேர்."

"அது எல்லாருக்கும் வர்றதுதானுங்களே. எழுபது வளைவு ஏறி வர்ற அத்தனை பேரும் கேட்டுல நின்னு அதைத்தானுங்க கேக்கறாங்க."

யோசித்துப் பார்த்தேன். உண்மை. இந்த மலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அவசர நிலையில்தான் வந்து இறங்குகிறார்கள். என் பதினான்காம் விதிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது.

ஒரே பக்கத்தில் முடித்தோம். நடந்ததை ஒப்புக்கொள், தவறை ஒப்புக்கொள்ளாதே, விதியைச் சொல், முழு நகல் அவர்கள் அலுவலகத்திலேயே இருக்கும் என்பதையும் சொல். மன்னிப்பு என்ற சொல் எங்கும் வரவில்லை.

"ரெண்டு பிரதி எழுதுங்க. ஒண்ணுல சீல் வாங்கிட்டு வரணும்."

"வெச்சுத் தர மாட்டேன்னா?"

"வெக்கற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருங்க. ஆபீஸ் பெஞ்சைப் பத்து மணிக்குப் பூட்ட மாட்டாங்க."

அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. மனைவி தினமும் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு குறிப்பாணை இருந்தது. ஒருநாள் பழனியம்மாவிடமிருந்து அவளுக்குத்தான் போன் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. இனி கவனமாக இருக்கவும் என்ற வழக்கமான வரியோடு, வேலை தப்பியது.

பூங்கா நேரம் மாறியதா? அதற்குத் தீர்மானம் வேண்டும், பரிந்துரை வேண்டும், கருத்துக் கேட்க வேண்டும், கேட்ட கருத்துக்கு மறுகருத்து வேண்டும். எனக்கு வயது எழுபது. அதை நான் பார்க்கப் போவதில்லை.

மாறியது ஒன்றுதான். ஒரு பதிவேடு வந்திருக்கிறது. பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்தால், ஒவ்வொரு தடவையும் காரணம் எழுத வேண்டும். பழனியம்மா ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முதல் வரி, பத்து மணி ஐந்து நிமிடம், இயற்கை உபாதை. அடுத்த வரி, மேற்படி. அதற்கடுத்து மேற்படி. மாலை நான்கு வரைக்கும், தாளின் அடி வரைக்கும், இடம் விட்டு நட்ட மேற்படிகள்.

முந்தாநாள் என்னையே கூப்பிட்டார்.

"ஒரு சந்தேகமுங்க. நேத்து ஒரு பெரியவர் தனியா வந்தாருங்க. தலை சுத்தலுங்களான்னு கேட்டேன், இல்லைன்னாரு. பாத்ரூமும் வேண்டாம்னாரு. சும்மா சித்த நேரம் உக்காரோணும்னாரு. பாவம்னு தொறந்து உட்டுப்போட்டேன். இப்ப அதை என்னன்னுங்க எழுதறது?"

பதினான்கு விதிகளையும் மனதுக்குள் ஒரு தடவை புரட்டினேன். அதற்கு ஒரு சொல் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விசில்தான் காதில் கேட்டது.

"மேற்படின்னே போட்டுடுங்க" என்றேன்.