நான் முதலில் எடுத்த இடவிளக்கப் படம்

விபோர்க் நகரில் ஒரு பழஞ்சாமான் சந்தையில் அந்தப் படத்தை முதலில் கையில் எடுத்தவன் நான். இதைப் பதிந்து வைப்பது அவசியம். பள்ளிக்கூடத்துப் புவியியலில் இடவிளக்கப் படம் என்பார்களே, மேடுபள்ளம் காட்டும் நிலவரைபடம், அதில் பழையது ஒன்று. அமெரிக்காவின் மேற்கே, உயர்ந்த பாலைநிலத்தில் மாடு வளர்க்கிறவர்களின் பிரதேசம். பழுப்பு நிறச் சமவுயரக்கோடுகள் நெருங்கி ஓட, இடையில் ஒரு கிணறு, தண்ணீர் இறைக்கும் ஒரு காற்றாடி, ஒரு மாட்டுப்பட்டி. மற்றபடி ஒரு தாள் முழுக்கத் தொந்தரவு இல்லை. பார்த்ததுமே ஆசை வந்துவிட்டது.

ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்பது ஊரில் பழகிய புத்தி. முகத்தைச் சுளித்துச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு சுற்றுப் போனேன். விலை அதன்மேலேயே ஒட்டியிருந்தது. டென்மார்க்கில் அது ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை. திரும்பி வந்தபோது படம் விற்றுப்போய் என் நண்பனின் கமக்கட்டுக்குள் இருந்தது.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், வயதில் இளையவன். கடை விளம்பரத் தாளைத் தவிர எதையும் வாசித்தவன் அல்ல.

அடுத்த மாதம் அவன் வீட்டு விருந்தில் படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. எல்லாரும் சாப்பாட்டுத் தட்டோடு அதன் முன்னால்தான் நின்றார்கள். என் புத்தகங்களில் தூசியைத் தவிர வேறெதையும் கவனிக்காத என் மனைவி அவனிடம் கேட்டாள்: "தம்பி, இந்த நீலம் என்ன?"

"குளம்," என்றேன் முந்திக்கொண்டு.

"குளந்தான் அண்ணை. ஆனா கோடு விட்டு விட்டுப் போகுது பாருங்கோ. மழை பெய்தாத்தான் தண்ணி."

பணிவாக வேறு சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இதை முதல்ல எடுத்துப் பார்த்தது நான்," என்று வாயை விட்டேன்.

நண்பன் தட்டை மேசையில் வைத்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணை. கொண்டு போங்கோ. எனக்கு இப்ப இது மனப்பாடம்." ஆணியிலிருந்து கழற்றியே விட்டான்.

மறுக்க வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரியும். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது படம் என் சுவரில். போன ஞாயிறு ஓகூஸ் நகரிலிருந்து மனைவியின் தமக்கை வந்திருந்தார். "இந்தக் குட்டிக் கறுப்புச் சதுரங்கள் என்ன?" என்று கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"பொறுங்கோ அக்கா," என்றாள் மனைவி, ஃபோனை எடுத்தபடி. "தம்பியை வரச் சொல்லுறன். அவர் வடிவா விளங்கப்படுத்துவார்."

பத்து நிமிடத்தில் சைக்கிளில் வந்துவிட்டான். அவன் கழற்றிய குளிர்கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டியது நான்தான்.