பஸ் வலி

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தொண்டை வலியை யாரும் நோயாக எண்ணியதில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தால் போய்விடும். போகாவிட்டாலும் வேலைக்குப் போகவேண்டும். அந்த மழைக்காலத்தில் என் தங்கைக்கும் தொண்டை கட்டியது. எச்சில் விழுங்கவும் முடியாமல் காய்ச்சலோடு கிடந்தவள் சில நாளில் எழுந்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அவளுக்குப் பதினாலு வயது. கொழுந்தெடுக்க அப்போதுதான் பழகியிருந்தாள்.

அவள் அக்கா நான், ஹாலிஎலவிலிருந்து பஸ் ஏறிப் பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வெள்ளைச் சீருடையைக் கரிப்பெட்டியால் தேய்த்துப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் தலை நிமிர்ந்து நடப்பேன். அதைத் திமிர் என்றவர்கள் உண்டு. நான் மறுத்ததில்லை.

தொண்டை வலி மறந்து சில வாரங்கள் கழித்துத் தங்கையின் முழங்கால் வீங்கிச் சிவந்தது. கங்காணி அன்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் முழங்கால் வீக்கம் வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. அதுவும் வடிந்து, வலி முழங்கைக்கு ஏறியது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவள் கையைத் தாங்கிக்கொண்டு நின்றபோது, கங்காணி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நேத்து காலுன்ன. இன்னைக்குக் கையா? நாளைக்கு நாக்குல வரட்டும், ஒங்க ஆத்தா நிம்மதியா இருப்பா."

பின்னால் நின்ற ஒரு அக்கா, "வெலிமடை பஸ்ஸு மாதிரில்ல போகுது இவ வலி! எல்லா எடத்துலயும் நின்னு நின்னு!" என்றாள். களமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் 'பஸ் வலி' என்று பட்டப்பெயர்.

எங்கள் தோட்டத்தில் வலி என்றால் அது ஓரிடத்தில் நிற்கவேண்டும். மருந்துக்கார ஐயா வலிக்கும் இடத்தை அமுக்கிப் பார்ப்பார். மறுநாள் அதே இடத்தை அமுக்குவார். கத்தாவிட்டால் அது பொய் வலி. வேலைக்கு ஒளிப்பவர்களைப் பிடிக்க அவர் கண்ட வழி அது. தங்கை முதல் நாள் முழங்காலில் கத்தினாள். மறுநாள் அதே முழங்காலை அமுக்கியபோது அவளுக்கு வலிக்கவில்லை. பாவி, வலிக்கவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அதன்பின் அவள் வேலைக்குப் போனாள். மலையில் ஏறும்போது பாதியில் நின்று வாயால் மூச்சு வாங்குவதாக அம்மா சொன்னதும், நான் மருந்துக்கார ஐயாவிடம் போய்ப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டுச் சீட்டு கேட்டேன்.

"நடிக்கிற புள்ளைக்குத் துண்டா?"

"அப்ப துண்டில்லாமலே கூட்டிட்டுப் போறேங்க."

"நாலெழுத்துப் படிச்சதும் நீயே டாக்டராயிட்டியா?"

"இல்லைங்க. டாக்டர்கிட்ட பேசத் தெரியும்ங்க."

பதுளையில் எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. கேலிக்குப் பயந்து தங்கை வாய் திறக்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். வலி இடம் மாறியது என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓரிடத்திலை நிக்காமல் மாறி மாறி வந்ததோ? அதுக்கு முதல் தொண்டை நோவு வந்ததோ, பிள்ளை?"

தங்கை என்னைப் பார்த்தாள். அவளைப் பொய்க்காரி ஆக்கிய அதே விஷயத்தைக் கேட்டு ஒருவர் தலையாட்டியதை அன்றுதான் கண்டாள். டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்.

"தொண்டையிலை வந்த கிருமிக்கும் எங்கடை இருதயத்துச் சதைக்கும் கொஞ்சம் ஒரே சாயல். உடம்பு கிருமியை அடிக்கப் பழகிட்டுது. கிருமி போனாப் பிறகும் அந்தச் சாயல் தெரியிற இடமெல்லாம் அடிக்குது. மூட்டு தப்பியிடும். இருதயத்து வால்வு பழுதாகியிட்டுது. இன்னும் பழுதாகாமல் இருக்க மாசா மாசம் ஊசி போடவேணும். விடக்கூடாது."

வெளியே காத்திருந்த அம்மாவுக்கு அதை எங்கள் பேச்சில் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவ ஒடம்பே அவள ஆளு தெரியாம அடிச்சிருச்சா?"

"ஆமாம்மா."

ஒவ்வொரு மாதமும் ஊசிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அடுத்த பெருமழையில் மண் சரிந்து, தோட்டத்து ரோட்டில் பல நாட்கள் வண்டி ஓடவில்லை. அந்த மாத ஊசி தவறியது. லயத்தில் பிள்ளைகள் எல்லாம் இருமிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு மறுபடி தொண்டை கட்டியது. பிறகு காய்ச்சல். உடம்பு பழைய சாயலை மறந்திருக்கவில்லை.

இந்த முறை நாங்கள் கேட்காமலே மருந்துக்கார ஐயா துண்டு எழுதினார். கங்காணி லொறி பிடித்துக் கொடுத்தார். பதுளை வார்டில் அவளால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே வைத்திருந்தார்கள். கால்கள் வீங்கியிருந்தன. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள்.

"இங்கதான்க்கா. ரெண்டு நாளா இங்கயேதான் நிக்குது, எங்கயும் போகல." மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "இப்ப நம்புவாங்கள்ல?"

நம்புவார்கள் என்றேன். என் கைக்குக் கீழே அவள் இருதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடியும்போது அது நின்றிருந்தது.